பட்டினிக்கு ஊர்வலமா, கணக்கா?

எடமலைப்பட்டி புதூரிலிருந்து வாலிபத் தோழர்கள் சிலர் சென்ற வாரம் நம்மிடம் வந்து, ஒரு நோட்டீசின் நகலைக் காட்டி, அதன்மேல் நமது அபிப்பிராயத்தைக் கேட்டார்கள். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 1945-ம் வருஷம் அக்டோபர் 16-ந் தேதி ஏற்பட்டதை முன்னிட்டு, அந்தத் தேதி உலக உணவு தினம் என்று கொண்டாடப்பட்டு வருகின்றது. வருகின்ற அக்டோபர் 16-ல் புதூரிலும் அதைக் கொண்டாடி, உலகப் பட்டினியைப் பற்றி ஜனங்களுக்கு விழிப்புணர்ச்சி உண்டாக்க வேண்டுமென்பது அவர்கள் ஆசை. நோட்டீசில் கண்ட நிகழ்ச்சிகள் வருமாறு: காலையில் பாண்டு வாத்தியத்துடன் ஊர்வலம், பள்ளிப் பிள்ளைகள் கையில் அட்டை, ஒரு பிரமுகர் தலைமை, அவருக்குப் பொன்னாடை, "பட்டினியை ஒழிப்போம்" என்று எல்லோரும் எழுந்து நின்று ஓர் உறுதிமொழி, மத்தியானம் 500 பேருக்கு அன்னதானம், வந்தனோபசாரம்.

இத்தோழர்களின் நல்லெண்ணத்தை நாம் சந்தேகிக்கவில்லை. சினிமாக் கொட்டகை வாசலிலும் கோவில் வாசலிலும் பொழுதைப் போக்கக்கூடிய வயதில், எங்கோ பட்டினி கிடக்கின்ற மனிதனைப் பற்றி இவர்கள் கவலைப்படுவதற்காக அவர்களை மெச்சவே செய்கின்றோம். ஆனாலும் கேட்ட அபிப்பிராயத்தைச் சொல்லாமல் மறைப்பது யோக்கியமாகாது. அந்த நோட்டீசை அப்படியே கிழித்துப் போட்டுவிட வேண்டும் என்பதுதான் நமது அபிப்பிராயம். அதற்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டிருக்கின்றோம்.

முதலாவது, விழிப்புணர்ச்சி என்றால் யாருக்கு விழிப்புணர்ச்சி? பட்டினி கிடப்பவனுக்கா? அவனுக்கு அவன் வயிறே நாள் ஒன்றுக்கு மூன்று வேளை பிரசங்கம் செய்கின்றது. நீங்கள் பாண்டு வாசித்துச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. வயிறார உண்பவனுக்கா? அவனுக்கும் உலகத்தில் பட்டினி இருக்கின்றது என்பது தெரியும். தெரிந்தேதான் ஏப்பம் விடுகின்றான். ஆகவே பட்டினி இருக்கின்றது என்பதைச் சொல்வது பிரசாரமாகாது. பட்டினி ஏன் இருக்கின்றது, யாரால் இருக்கின்றது, யார் கையை எங்கே பிடித்தால் அது இல்லாமற் போகும் என்று சொல்வதுதான் பிரசாரமாகும். உங்கள் நோட்டீசில் இந்த மூன்றில் ஒன்றாவது இருக்கின்றதா என்று கேட்கின்றோம்.

நம் நாட்டில் இந்த "ஏன்" என்கின்ற கேள்விக்கு ஒரு ஆயத்தப் பதில் ஆயிரக்கணக்கான வருஷங்களாகத் தயாராக இருந்து வருகின்றது. அதுதான் தலைவிதி என்பதும், முன் ஜென்ம கர்மம் என்பதுமாகும். ஒருவன் பட்டினி கிடந்தால் அவன் போன ஜென்மத்தில் பாவம் செய்தவன். ஒருவன் நெய்யும் பருப்புமாய்த் தின்றால் அவன் புண்ணியம் செய்தவன். எவ்வளவு சௌகரியமான ஏற்பாடு பாருங்கள்! தின்றவனும் குற்றவாளியல்ல, அவனுக்கு வாரிக் கொடுத்தவனும் குற்றவாளியல்ல. பட்டினி கிடந்து சாகிறவன் ஒருவன்தான் குற்றவாளி! உலகத்தில் எந்தக் கோர்ட்டிலும் இப்படி ஒரு தீர்ப்பை நாம் கேட்டதில்லை.

படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஆனால் அவர்களிடத்தில் வேறொரு தலைவிதி இருக்கின்றது. அதற்குப் பெயர் "பற்றாக்குறை" என்பதாகும். ஜனத்தொகை பெருத்துவிட்டது, பூமி விளைவது போதவில்லை, ஆகையால் சிலர் பட்டினி கிடக்கத்தான் வேண்டும் என்பார்கள். இதையும் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். இப்போது உலகத்தில் வருஷம் ஒன்றுக்கு விளைகின்ற தானியம் ஏறக்குறைய 280 கோடி டன். ஜனத்தொகை 800 கோடிக்குச் சற்று மேல். வகுத்துப் பார்த்தால் பச்சைக் குழந்தை முதல் பல் விழுந்த கிழவர் வரை தலைக்கு வருஷத்திற்கு சுமார் 340 கிலோ, அதாவது நாளைக்கு முக்கால் கிலோவுக்கு மேலேயே விழுகின்றது. கிழங்கு, பருப்பு, காய்கறி, மீன், முட்டை, பால் இவைகள் இந்தக் கணக்கில் சேரவில்லை. இவ்வளவு இருந்தும் 2024-ம் வருஷத்தில் உலகில் சுமார் 67 கோடி ஜனங்கள் பட்டினியில் இருந்தார்கள் என்று அந்த உணவு விவசாய ஸ்தாபனமே கணக்கிட்டிருக்கின்றது. விளைந்த தானியத்தில் மூன்றிலொரு பங்குக்கு மாட்டுக்கும் பன்றிக்கும் கோழிக்கும் தீனி போடுகின்றார்கள். 2022-ம் வருஷத்தில் மாத்திரம் 100 கோடி டன்னுக்கு மேல் உணவு, வீடுகளிலும் ஓட்டல்களிலும் கடைகளிலுமாகக் குப்பைக்குப் போயிற்று. இதற்குப் பெயர் பற்றாக்குறையா?

வேறு தேசத்துக் கணக்கு எதற்கு, நம் தாத்தன் பாட்டன் காலத்துக் கதையையே எடுத்துக்கொள்வோம். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வந்தது. சென்னை மாகாணம் சுடுகாடாயிற்று. மழை பொய்த்தது என்பது வாஸ்தவம். ஆனால் தானியம் ஒரேயடியாக இல்லாமற் போய்விட்டதா? ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வியாபாரிகள் விலையேற்றத்துக்காகத் தானியத்தைக் கட்டிக் காத்தார்கள். இந்தியாவிலிருந்து கோதுமை சீமைக்குக் கப்பலேறிக்கொண்டே இருந்தது. 1877-ம் வருஷம் ஜனவரி முதல் தேதி, வைசிராய் லிட்டன் பிரபு டில்லியில் ஒரு தர்பார் நடத்தி, விக்டோரியா மகாராணியை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று பட்டம் சூட்டி விருந்தாடிக்கொண்டிருந்தார். அதே மாதத்தில் அவர் அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள் என்கின்ற துரை, பஞ்ச நிவாரண வேலையில் கல்லுடைக்கிற கூலியாளுக்கு நாளைக்கு ஒரு ராத்தல் தானியம் போதும் என்று கூலியைக் குறைத்தார். அது மனித உடம்பு தாங்காது என்று சென்னை மாகாண சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் என்கின்ற வெள்ளைக்காரரே சண்டை பிடித்தார். மழை பெய்யாதது வானத்தின் காரியம் என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு ராத்தல் என்று எழுதின பேனா வானத்திலிருந்தா விழுந்தது?

1943-ல் வங்காளத்தில் 20 லட்சத்திலிருந்து 30 லட்சம் வரை ஜனங்கள் செத்தார்கள். அந்த வருஷத்துத் தானியம் 1941-ல் இருந்ததற்குக் குறைவில்லை என்பதையும், யுத்த காலத்து விலையேற்றத்தில் கூலிக்காரனும் மீனவனும் வாங்க முடியாமற் போனதுதான் சாவுக்குக் காரணம் என்பதையும் அமர்த்தியா சென் 1981-ல் புஸ்தகம் எழுதி விளக்கினார். சோறு கடையில் இருந்தது. கடைக்கும் வாய்க்கும் நடுவில்தான் வழி அடைபட்டிருந்தது.

இதெல்லாம் அந்நிய ஆட்சியின் காரியம் என்று தட்டிக் கழிக்கின்ற தேசபக்தர்களுக்கு 2001-ம் வருஷத்தை ஞாபகமூட்டுகின்றோம். அந்த வருஷம் சர்க்கார் கிடங்குகளில் 5 கோடி டன்னுக்கு மேல் தானியம் குவிந்து கிடந்தது. இடம் போதாமல் வெளியில் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். எலி தின்றது, புழு தின்றது. அதே சமயம் ராஜஸ்தானத்திலும் ஒரிஸ்ஸாவிலும் மனிதன் இலையையும் கொட்டையையும் தின்று செத்துக்கொண்டிருந்தான். நமது காவேரிப் படுகையிலும் 2025 அக்டோபர் மழையில், கொள்முதல் நிலையங்களில் காத்துக்கிடந்த குறுவை நெல் நனைந்து முளைவிட்டதை நம் வாசகர்கள் பத்திரிகைகளில் படித்திருப்பார்கள். விளைவித்தவன் தெருவிலே, விளைந்தது சகதியிலே!

நிற்க. இப்போது நோட்டீசிலுள்ள அன்னதானத்துக்கு வருவோம்.

அன்னதானத்தை நாம் குறை சொன்னால், "பசித்தவன் ஒரு வேளை சாப்பிடுவது உங்களுக்குப் பொறுக்கவில்லையா?" என்று கேட்பார்கள். பசித்தவன் இலையை நாம் இழுக்கவில்லை. 1867-ல் வடலூரில் ராமலிங்க அடிகள் ஜாதி பார்க்காமல் எல்லோருக்கும் சோறு போட்டு மூட்டிய அடுப்பை நாம் மரியாதையுடனேயே நினைக்கின்றோம். நமது ஆட்சேபணை வேறு. தானம் என்பது கொடுக்கிறவன் இஷ்டம். இன்றைக்குக் கொடுப்பான், நாளைக்கு அவனுக்கு மனசு மாறினால், அல்லது பணம் தீர்ந்தால், அல்லது புண்ணியம் போதுமான அளவு சேர்ந்துவிட்டது என்று தோன்றினால் நிறுத்திவிடுவான். வாங்குகிறவன் ஏன் என்று கேட்க முடியாது. கேட்டால் நன்றி கெட்டவன். இன்னும் சொல்லப்போனால், தானம் செய்கிறவனுக்குப் புண்ணியம் வேண்டுமானால் ஏழை ஒருவன் எப்போதும் இருந்துகொண்டேயிருக்க வேண்டும். ஏழை ஒழிந்துவிட்டால் புண்ணியத்துக்கு வழி ஏது?

இதில் நம்மவர்களும் சுத்தம் என்று சொல்லுவதற்கில்லை. தலைவர்கள் பிறந்த நாள் என்றால் பிரியாணிப் பொட்டலமும், பொட்டலத்தைக் கொடுக்கும்போது எல்லோரும் போட்டோவைப் பார்த்துச் சிரிப்பதும் பகுத்தறிவாளர் கூட்டங்களிலும் நடக்கின்றது. பொட்டலம் ஒன்று, கை பத்து! சாமி பெயரால் போட்டால் புரட்டு, தலைவர் பெயரால் போட்டால் புரட்சி என்று நாம் சொல்லத் தயாராயில்லை.

தானத்துக்கும் உரிமைக்கும் உள்ள பேதத்தை நம் மாகாணத்துச் சரித்திரமே நன்றாய்க் காட்டுகின்றது. 1920-ம் வருஷம் செப்டம்பரில், பி. தியாகராயச் செட்டியார் தலைமையிலிருந்த சென்னை நகரசபை, ஆயிரம்விளக்குப் பகுதியிலிருந்த தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தலைக்கு ஒரு அணாவுக்கு மேற்படாமல் மத்தியானச் சாப்பாடு போடுவதென்று தீர்மானித்தது. பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்கு அது விஸ்தரிக்கப்பட்டது. அந்த ஐந்து பள்ளிகளிலும் 1922–23-ல் 811 ஆயிருந்த பிள்ளைகள் 1924–25-ல் 1671 ஆனார்கள். ஒரு பிடி சோறு இரண்டு வருஷத்தில் பள்ளிக்கூடத்தை இரட்டிப்பாக்கியது. ஆனால் ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவு செய்யக் கூடாது என்று சர்க்கார் ஆட்சேபிக்கவே, 1925 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அது நின்றுபோயிற்று. இரண்டு வருஷம் கழித்து மறுபடியும் தலையெடுத்தது என்றாலும், நடுவில் அந்த 1671 பிள்ளைகளும் யாரைப் போய்க் கேட்டார்கள்? கேட்க அவர்களுக்கு என்ன பாத்தியதை இருந்தது? ஆபீசில் ஒரு வரி எழுதினால் உலை அணைந்துவிட்டது.

1956-ல் எட்டையபுரத்தில் காமராஜர் தொடங்கிய மதிய உணவிலே, ஊரார் கொடுத்த பொருளையும் சேர்த்துத்தான் உலை கொதித்தது. 1982-ம் வருஷம் ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை ஆரம்பித்ததும் வேறெங்குமில்லை, நமது திருச்சி ஜில்லா பாப்பாக்குறிச்சியிலேதான். புதூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துப் பிரயாணம். அப்போது பிச்சைக்காரத் திட்டம் என்று கேலி செய்த பெரிய மனிதர்களும், கஜானா காலியாகிவிடும் என்று கைபிசைந்த பொருளாதார நிபுணர்களும் பலர். கஜானா காலியாகவில்லை. அதன்பின் வந்த எந்த மந்திரிசபையாவது, எந்தக் கட்சியாவது அந்த அடுப்பை அணைக்கத் துணிந்ததா? முட்டையைச் சேர்த்தார்கள், 2022 செப்டம்பர் 15 முதல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. காரணம் மந்திரிகளின் கருணை என்று நாம் நினைக்கவில்லை. லட்சக்கணக்கான தாய்மார்கள் அதைத் தங்கள் பாத்தியதை என்று நினைக்க ஆரம்பித்துவிட்டார்கள். பாத்தியதை என்று ஜனங்கள் நினைத்துவிட்ட சோற்றில் கை வைக்க எந்த மந்திரிக்கும் துணிவு வராது.

வடநாட்டில் இப்படி நினைக்க வைப்பதற்கு ஒரு பெரிய கிளர்ச்சியே தேவைப்பட்டது. மேலே சொன்ன 2001-ல், ராஜஸ்தானத்துத் தோழர்கள், பட்டினியும் கிடங்கும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைக் கண்டு மனம் பொறாமல், மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் பெயரால் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். அந்த வருஷம் நவம்பர் 28-ந் தேதி, சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளிலும் சர்க்கார் உதவி பெறும் பள்ளிகளிலும் சமைத்த சாப்பாடு போட்டே தீரவேண்டும் என்று உத்தரவாயிற்று. உத்தரவு வந்தும் பல மாகாணங்கள் சும்மா இருந்தன. 2002 ஏப்ரல் 9-ந் தேதி பல மாகாணங்களிலும் ஜனங்கள் கூடி அதற்கென்று ஒரு கிளர்ச்சி தினம் நடத்தினார்கள். அதுவும் ஒரு "தினம்"தான். ஆனால் அந்தத் தினத்தில் கேள்வி இருந்தது, பதில் சொல்ல வேண்டியவன் யார் என்பதும் இருந்தது. அந்தக் கிளர்ச்சியின் வழியில்தான் 2013-ல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் அது 2016 நவம்பர் முதல் அமலுக்கு வந்தது.

"நம் மாகாணத்தில்தான் ரேஷன் கடையில் அரிசி இலவசமாய்க் கிடைக்கின்றதே, இங்கே பட்டினி ஏது? சூடானைப் பற்றிப் பேசினால் போதாதா?" என்று புதூர் தோழர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. 2011-லிருந்து அரிசி இலவசமாகத்தான் கிடைக்கின்றது. அதனால் பழைய காலத்துச் சாவுப் பட்டினி இங்கே இல்லை என்பதும் பெருமைப்படத் தக்கதே. ஆனால் 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி, இதே தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாமல் குன்றிப் போயிருந்தார்கள். 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேர் ரத்தசோகைக்காரர்கள். இந்தியா பூராவுக்கும் பார்த்தால் இது 57. அரிசி நிறைந்த வீட்டில் ரத்தமில்லாத பெண்!

இது எப்படி நேர்ந்தது என்பதற்கு நிபுணரைத் தேடிப் போக வேண்டியதில்லை. இன்றிரவு உங்கள் வீட்டுச் சமையலறையைப் பாருங்கள். முதலில் புருஷன், பிறகு மாமனார், பிறகு பிள்ளைகள், அதிலும் ஆண்பிள்ளைக்கு முட்டை; எல்லோரும் கைகழுவிய பிறகு சட்டியைச் சுரண்டி அடிச்சோற்றையும் மிஞ்சின ரசத்தையும் சாப்பிடுகிறவள் யார்? அவளுக்கு மீன் துண்டு மிஞ்சினதுண்டா? அது போதாதென்று வெள்ளிக்கிழமை விரதம், சஷ்டி விரதம், புருஷன் ஆயுளுக்கு ஒரு நோன்பு, பிள்ளை பரீட்சைக்கு ஒரு நோன்பு. புருஷன் என்றைக்காவது பெண்சாதியின் ஆயுளுக்காக ஒரு வேளை காப்பியை விட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை. காவேரிக்கு அக்கரையில் சீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசியன்று பட்டினி கிடந்து கண்விழித்தவர்களுக்குப் பரமபத வாசல் திறக்கின்றது என்கின்றார்கள். அப்படியானால் வருஷம் 365 நாளும் அரைப்பட்டினி கிடக்கின்ற நம் பெண்களுக்கு எத்தனை வாசல் திறந்திருக்க வேண்டும்? வைகுண்டமே ஊடாடிப் போயிருக்க வேண்டாமா? உலகப் பட்டினிக்கு ஊர்வலம் போகின்ற தோழர்கள், தாங்கள் ஊர்வலம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் தட்டை நீட்டாமல், "நீ சாப்பிட்டாயா?" என்று கேட்டுவிட்டு ஒன்றாக உட்கார்ந்தால், அதுவே ஊர்வலத்தைவிடப் பெரிய பிரசாரம் என்போம்.

ஜாதிக்கும் இதில் பங்கில்லாமலில்லை. சேரன்மாதேவிக் குருகுலத்தில் இரண்டு பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு என்றதற்காகவே 1924, 25-ல் தமிழ்நாடு கொந்தளித்தது. தென்னிந்திய ரயில்வேயின் தலைமை ஆபீசு இருந்த ஊர் நம் திருச்சி. அந்த ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு விடுதிகளில் பிராமணருக்கு ஓரிடம், இதராளுக்கு ஓரிடம் என்றிருந்தது 1941-ல்தான் ஒழிந்தது. பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2018 ஜூலையில் திருப்பூர் ஜில்லா அவிநாசிப் பக்கத்தில் ஒரு சர்க்கார் பள்ளிக்கூடத்தில், தாழ்த்தப்பட்ட வகுப்புச் சமையற்கார அம்மாள் ஒருவர் சத்துணவு சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிடா என்று ஜாதிக்காரர்கள் போய் முற்றுகை போட்டார்கள். அதிகாரிகள் பயந்து அந்த அம்மாளை மாற்றினார்கள். பிறகு எதிர்க் கிளர்ச்சி கிளம்பவே மறுபடியும் அங்கேயே போட்டார்கள். பிள்ளை பட்டினி கிடந்தாலும் பரவாயில்லை, ஜாதி பட்டினி கிடக்கக் கூடாது என்கின்ற பெற்றோர்கள் இருக்கின்ற தேசத்தில், பட்டினி என்பது வெறும் அரிசி விஷயம் மாத்திரமல்ல என்பது விளங்காமற் போகாது.

சூடானைப் பற்றியும் பேச வேண்டியதே. 2024 ஆகஸ்டில் சூடானில் சம்சம் அகதி முகாமில் பஞ்சம் என்று நிபுணர் குழு அறிவித்தது. 2025 ஆகஸ்ட் 22-ந் தேதி காசாவிலும் பஞ்சம் என்று அறிவிப்பு வந்தது. அங்கே வானம் பொய்த்ததா? காசாவின் எல்லைக்கு வெளியில் சாமான் வண்டிகள் வரிசையாக நின்றன. உள்ளே குழந்தைகள் எலும்பாயின. சூடானிலே இரண்டு பட்டாளங்கள் நாற்காலிக்குச் சண்டை போட, குடியானவன் விதை நெல்லை விட்டுவிட்டு ஓடினான். புதூர் தெருமுனையில் பேசுவதால் அங்கே நாளைக்கே ரொட்டி போய்ச் சேர்ந்துவிடும் என்று நாம் பொய் சொல்ல மாட்டோம். ஆனால் "ஐயோ பாவம், அவர்கள் தலையெழுத்து" என்று புதூர்க்காரர் சொல்லுகிற வரைக்கும் பட்டாளத்துக்காரனுக்கும் பதுக்கல்காரனுக்கும் கொண்டாட்டம்தான். "யார் வழியை அடைத்தது?" என்று புதூர்க்காரர் கேட்கப் பழகிவிட்டால், அந்தக் கேள்வி ரேஷன் கடை வாசலிலும் கேட்கும், டில்லியிலும் கேட்கும், அதற்கு அப்பாலும் கேட்கும். தெருவில் கேட்கப் பழகாதவன் உலகத்தைக் கேட்கப் போவதில்லை.

ஆகவே என்ன செய்யலாம் என்கின்றீர்களா? ராஜஸ்தானத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்கின்ற கூலிக்காரர் சங்கம் 1994 டிசம்பரில் கோட் கிரானா என்கின்ற கிராமத்தில் ஒரு காரியம் செய்தது. பஞ்ச நிவாரண வேலை முதலியவைகளுக்குக் கூலி கொடுத்ததாகச் சர்க்கார் ஆபீசில் எழுதி வைத்திருந்த கணக்கை வாங்கி வந்து, ஊரார் கூடியிருக்க, சத்தம் போட்டுப் படித்தார்கள். அவ்வளவுதான். வேலைக்கே வராதவன் பெயரில் கூலி போயிருந்தது. வேலை செய்தவன் வாங்காத பணத்துக்குக் கைநாட்டு இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் எழுந்து, "இது பொய்" என்றார்கள். அந்தத் தெருக் கூட்டங்களிலிருந்து வளர்ந்ததுதான் 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம். பாண்டு வாத்தியம் இல்லை, பொன்னாடை இல்லை. ஒரு கணக்கும் ஒரு குரலுந்தான்.

புதூர் தோழர்களுக்கு நாம் சொல்வதும் அதுவே. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-வது பிரிவு, ரேஷன் கடைகளைச் சமூகத் தணிக்கை செய்யவேண்டும் என்றே சொல்லுகின்றது. அதைக் கேட்டு வாங்குங்கள். தெருவுக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் கட்டாயம் பெண், முன்வரட்டும். கடை எந்தத் தேதியில் திறந்தது, எந்தச் சாமான் எத்தனை மூட்டை வந்தது, எது வரவில்லை என்பதைக் கடைக்கு எதிரே ஒரு கரும்பலகையில் எழுதட்டும். விரல் ரேகை மெஷினில் விழவில்லை என்று வெறும் பையோடு திரும்பின கிழவி எத்தனை பேர்? வயதான காலத்தில், பாத்திரம் தேய்த்தும் கல் சுமந்தும் தேய்ந்த விரலில் ரேகை எங்கிருந்து வரும்? அந்தக் கிழவிக்கு வேறு வழியில் சாமான் கொடுக்க இடமிருக்கின்றது என்பதை அவளுக்கு யாராவது சொன்னார்களா? 2025 மே மாதத்தில் திறந்த பஞ்சப்பூர் பஸ் நிலையத்தைச் சுற்றிக் கட்டடம் எழுப்புகின்ற வெளி மாகாணக் கூலிகளில் எத்தனை பேருக்கு, தங்கள் ஊர் அட்டைக்கு இங்கேயே தானியம் வாங்கலாம் என்பது தெரியும்? 2020 அக்டோபரிலிருந்து இந்த ஏற்பாடு நம் மாகாணத்தில் இருக்கின்றது. அவர்கள் பாஷையில் நான்கு வரி எழுதி ஒட்ட ஆளில்லை. இதுவல்லவோ விழிப்புணர்ச்சி?

அங்கன்வாடியில் குழந்தைகளை எடை போடுகின்றார்கள். அந்த எடை புஸ்தகத்தில் உறங்குகின்றது. தன் குழந்தையின் எடை சரியா குறைவா என்று தாய் கேட்டு, அதற்கு அர்த்தத்தைத் தெரிந்துகொண்டு வர வேண்டும். கரையோரத்துத் தெருக்களில் கோரையாறு பெருகி வீட்டுக்குள் தண்ணீர் வந்தால், அடுப்பு எத்தனை நாள் எரியவில்லை என்பதையும் எழுதுங்கள். மாதம் ஒரு நாள் சாயங்காலம் தெருமுனையில் விளக்கைப் போட்டு, இதையெல்லாம் உரக்கப் படியுங்கள். படிப்பது பெண்ணாக இருக்கட்டும். படித்து முடிந்ததும் ஒரு உலகப் படத்தைத் தொங்கவிட்டு, இந்த மாதம் எந்தத் தேசத்தில் யார் வழியை அடைத்தார்கள் என்று பத்து நிமிஷம் சொல்லுங்கள். அப்போது அது ஜனங்களுக்குப் புரியும். வெறும் தூரதேசத்துக் கதையாக இராது.

ஒரு எச்சரிக்கை. எந்தக் கடைக்காரரையும் திருடர் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு போகாதீர்கள். கிடங்கிலிருந்தே மூட்டை குறைந்து வந்தால் கடைச் சிப்பந்தி என்ன செய்வார்? சத்துணவுச் சமையல் செய்கின்ற அம்மாமார் சொற்பச் சம்பளத்துக்குப் புகையில் வேகின்றவர்கள். அவர்கள்மேல் பாய்வது வீரமல்ல. அவர்களையும் கூட்டத்தில் உட்கார வைத்து அவர்கள் குறையையும் படியுங்கள். கணக்கு மேலே போகட்டும்.

நாம் இவ்வளவும் சொல்லி முடித்ததும் தோழர்கள் கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார்கள். பொன்னாடைக்காரருக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டதோ என்னவோ! பிறகு ஒருவர், 500 பேர் சாப்பாட்டுக்கு வசூலான பணத்தை என்ன செய்வது என்று கேட்டார். நான்கு கரும்பலகையும், முத்திரை போட்ட ஒரு நல்ல தராசும் வாங்கலாம். ரேஷன் பையோடு வீட்டுக்குப் போகிற எவரும் நிறுத்துப் பார்த்துக்கொள்ளும்படி அந்தத் தராசைத் தெருமுனையில் தொங்கவிடலாம் என்றோம். அக்டோபர் 16 மாலையே முதல் கூட்டத்தை வைத்துக்கொள்வதாகச் சொல்லிப் போயிருக்கின்றார்கள். அன்று படிக்கின்ற கணக்கை, நல்லதோ கெட்டதோ, கூட்டாமல் குறைக்காமல் நமக்கு அனுப்பினால் அடுத்த வாரப் பத்திரிகையிலேயே பிரசுரிக்கத் தயாராயிருக்கின்றோம். மற்ற ஊர்த் தோழர்களும் அனுப்பலாம்.